இறாலும் தேசிக்காயும் சேர்ந்தால் நஞ்சா?

“இறால் சாப்பிட்ட பிறகு வைட்டமின் சி எடுத்த பெண் திடீர் மரணம். தேசிப்புளியும் ஆபத்து!” யாழ்ப்பாணத்து வாட்ஸ்அப் குழுமங்களில் சுற்றும் இந்தச் செய்தி பொய். பல வருடங்களாக ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு உலகம் சுற்றுகிறது.

இறாலிலுள்ள ஆர்செனிக் என்ற நச்சுத் தனிமத்தை வைட்டமின் சி வயிற்றுக்குள் பாஷாணமாக மாற்றிவிடும் என்பதுதான் அந்தச் செய்தி சொல்லும் கதை. இறாலில் ஆர்செனிக் இருப்பது உண்மைதான். அந்த ஒரு உண்மையை வைத்துத்தான் மிச்சப் பொய்யைக் கட்டியிருக்கிறார்கள். கடலுணவில் உள்ள ஆர்செனிக்கின் பெரும்பகுதி ஆர்செனோபீட்டெயின் என்ற கரிமச் சேர்மம். அது உடலில் மாறாமல் சிறுநீரோடு வெளியேறிவிடும். வைட்டமின் சி அதை வயிற்றுக்குள் பாஷாணமாக மாற்றாது. ஆபத்தான கனிம வகை இறாலில் மிகச் சொற்பம். அந்தக் கனிம வகையால் உயிர் போக வேண்டுமென்றால், ஒருவர் ஒரே நேரத்தில் தின்னவே முடியாத அளவு இறால் வேண்டும். தேசிக்காயிலும் வைட்டமின் சி அப்படியொன்றும் கொட்டிக் கிடக்கவில்லை: 100 கிராம் சாற்றில் சுமார் 30 மில்லிகிராம்.

உலக சுகாதார நிறுவனத்தின் இணையதளத்தில் ஆர்செனிக் பற்றிய பக்கத்தைப் பாருங்கள். கடலுணவிலுள்ள கரிம வகை தீங்கு குறைந்தது என்று அதிலேயே இருக்கிறது. சந்தேகம் தீராவிட்டால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

இறாலில் கவனிக்க வேண்டியது வேறு: ஒவ்வாமை உள்ளவர்கள் தொடக்கூடாது, பழுதானதை வாங்கக்கூடாது. மற்றவர்கள் இறால் சொதிக்குத் தாராளமாகத் தேசிப்புளி விடலாம். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தைக் கொடுங்கள்.