கொஞ்சம் பாத்து எழுது

போன மாதம் மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்யாண வீடு. பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாமா, அடைப் பிரதமனில் பப்படத்தை நொறுக்கிப் போட்டு, மட்டிப்பழத்தைப் பிசைந்துகொண்டே குரலைத் தாழ்த்தினார். "மோளே, அந்தப் பையன் காரியம் உங்கிட்டதான் வருமாமே. நம்ம பிள்ளையாக்கும். கொஞ்சம் பாத்து எழுது."

எந்தப் பையன், என்ன வழக்கு என்பதையெல்லாம் சொல்ல மாட்டேன். இவ்வளவையும் மாமாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் தடயவியல் உளவியல் படித்தவள். நீதிமன்றமோ, 18 வயது ஆகாதவர்கள்மேல் வரும் குற்றப் புகாரை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமமோ கேட்டால் ஒருவரைப் பார்த்துப் பேசி, சோதித்து, மதிப்பீடு எழுதிக் கொடுப்பேன். ஊரில் என்னை 'மனசு டாக்டர்' என்பார்கள். டாக்டர் இல்லை, மருந்து எழுதுவதும் இல்லை. நான் எழுதுவது தாள் மட்டும்தான். ஆனால் அந்தத் தாளின் கனத்தை நினைத்தால் சில ராத்திரி தூக்கம் வராது.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 15ஆம் பிரிவு. 16 வயது முடிந்த, 18 ஆகாத பிள்ளைமேல் கொடுங்குற்றப் புகார் வந்தால், அதைச் செய்யும் மன, உடல் திறன் அவனுக்கு இருந்ததா, விளைவு புரிந்ததா, எந்தச் சூழ்நிலையில் நடந்தது என்று குழுமம் முதலில் பார்க்க வேண்டும். அதை வைத்துத்தான் அவனைப் பெரியவனாக நினைத்து விசாரிப்பதா என்று முடிவாகும். குழுமத்தில் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்துத் தொழில் செய்பவர் இல்லையென்றால், நிபுணர் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த மதிப்பீடு விசாரணை ஆகாது என்று சட்டமே சொல்கிறது. அவன் செய்தானா இல்லையா என்பது என் கேள்வியே கிடையாது. வீட்டுக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ஒரு சொல்லைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். படிக்கிற காலத்தில், வெளியூர்க்காரர் ஒருவர் எழுதிய மதிப்பீட்டைப் பார்த்தேன். "வெறியில் செய்தேன்" என்று பையன் சொன்னதாக இருந்தது. கூட இணைத்திருந்த கைக்குறிப்பைப் புரட்டினால், அவன் சொன்னது "வெப்ராளத்துல செஞ்சு போட்டேன்". எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் வளர்ந்த யாரையாவது கேளுங்கள். வெப்ராளம் என்றால் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் பதறிப்போவது. வெறி எங்கே, வெப்ராளம் எங்கே! 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு கிடந்த மண்ணின் பேச்சு இது. அது தெரியாதவர் கையில் ஒரு பையனின் பதற்றம் மூர்க்கமாக மாறிவிட்டது. அன்றிலிருந்து பிள்ளைகள் சொல்வதைச் சொன்னபடியே எழுதி, அர்த்தத்தைக் கீழே தனியாகப் போடுகிறேன்.

என்னிடம் வருகிற பிள்ளையிடம் முதலில் சொல்வது இதுதான்: "மக்களே, நீ இங்க சொல்லுறத நான் எழுதி மேல குடுப்பேன். ரகசியமா வச்சுக்க என்னால முடியாது. சொல்ல இஷ்டமில்லன்னா சொல்லாண்டாம்." கேட்டதும் வாயை மூடிக்கொள்கிற பிள்ளைகள் உண்டு. "முதல்ல பேச விடு, அப்புறமா சொல்லிக்கலாம்" என்று மூத்தவர் ஒருவர் எனக்குப் புத்தி சொன்னார். என்னால் முடியாது. அது நம்பிக்கையைத் தூண்டிலில் கோர்த்துப் போடுகிற வேலை.

கவுன்சலிங்கில் விதி நேர் எதிர். அங்கே சொன்னது அங்கேயே இருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அதை உரிமையாகவே வைத்திருக்கிறது. அதனால்தான் கவுன்சலிங் கொடுத்தவரே கோர்ட்டுக்கு மதிப்பீடும் எழுதக் கூடாது என்கிறேன். நம் மாவட்டத்தில் ஆள் குறைவு. "உங்களுக்குத்தான் அந்தப் பிள்ளையைத் தெரியுமே, நீங்களே எழுதிடுங்க" என்பார்கள். தெரியும் என்பதால்தான் எழுத மாட்டேன்.

அடிக்கடி வருகிற கேள்வி, உண்மையைக் கக்க வைக்கிற மெஷின் இருக்கிறதாமே என்பது. நார்கோ (மருந்து ஏற்றி அரைமயக்கத்தில் கேட்பது), பாலிகிராஃப் (பொய் பிடிக்கிற கருவி), மூளை அலைச் சோதனை எதையும் ஒருவரின் சம்மதமில்லாமல் செய்யக் கூடாது என்று 2010இல் செல்வி என்பவரின் வழக்கிலேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துவிட்டது.

அதைவிட எனக்குப் பயம், பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்பது. 1974இல் லாஃப்டஸ், பால்மர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் கார் மோதுகிற படம் ஒன்றைக் காட்டினார்கள். 50 பேரிடம் கார்கள் 'இடித்தபோது' எவ்வளவு வேகம் என்றும், வேறு 50 பேரிடம் 'நொறுங்க மோதியபோது' என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்றதற்கு முதல் கூட்டத்தில் 7 பேரும் அடுத்ததில் 16 பேரும் ஆமாம் என்றார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. பெரியவர்களுக்கே இப்படி. "அவன்தானே செஞ்சான்?" என்று அம்மாவும் அத்தையும் டீச்சரும் கேட்டு முடித்தபின் வருகிற ஏழு வயதுப் பிள்ளையிடம் எது அதன் சொந்த ஞாபகம் என்று நான் எப்படிப் பிரிப்பேன்? தயவுசெய்து ஒரு தடவைக்கு மேல் கேட்காதீர்கள். பிள்ளை தானாகச் சொன்னதை அதே வார்த்தையில் தேதி போட்டு எழுதி வையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள்.

மாமாவிடம், பையன் சொந்தம் என்பதால் அந்த மதிப்பீட்டை நான் எடுக்க முடியாது, காரணத்தைக் குழுமத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுவேன் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "வேற ஆளு எப்பிடி எழுதுவானோ" என்றார். அவர் பயம் நியாயமானது. பந்தி முடிந்ததும் வெளியே கூட்டிப்போய், நாகர்கோவில் கோர்ட்டில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, காசில்லாமல் வக்கீல் கிடைப்பார், பையனின் பள்ளிக்கூடத் தாள்களையும் ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு அவன் அம்மாவோடு போங்கள் என்றேன்.

"எழுதித் தா மோளே, மறந்துபோவேன்" என்று கல்யாணக் கடிதாசை நீட்டினார். அதன் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.