குட்டிக்கானத்துல குடிக்கிற டீ

அந்த ரீலை இனி யாரும் அனுப்ப வேண்டாம். பார்த்தாச்சு. குமுளியில இருந்து கோட்டயம் போற மலைப்பாதையில, குட்டிக்கானத்துல ஓரங்கட்டின லாரி, டீ கிளாஸோட டிரைவர், பின்னணியில ஒரு குரல்: "கியர் போடுற வேலைகூட இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி. இதுக்குப் பேட்டா ஏத்திக் கேக்குறாங்களாம்!" கூடவே சிரிப்புச் சத்தம்.

தம்பி, உன் வீடியோவையே இன்னொரு தடவை போட்டுப் பாரு. பின்னால கிளீனர் ஒவ்வொரு சக்கரத்துக்கிட்டயும் குனிஞ்சு கை காட்டிக்கிட்டே போறான். பிரேக் டிரம், அதாவது சக்கரத்தோட சேர்ந்து சுத்துற இரும்பு உருளை, எவ்வளவு சூடா இருக்குன்னு பார்க்கிறான். நாம பயப்பட வேண்டியது சூடான டிரம்முக்கு மட்டும் இல்லை. குமுளியில இருந்து இவ்வளவு தூரம் வந்தும் ஒரு டிரம் மட்டும் ஜில்லுன்னு இருந்தா, அந்தச் சக்கரத்துல பிரேக் பிடிக்கவே இல்லைன்னு அர்த்தம். அதோட பங்கையும் மத்த சக்கரங்கள் சுமந்துருக்கு. உடனே பிரேக் இடைவெளியைச் சரி பண்ற ஸ்லாக் அட்ஜஸ்டரைப் பார்க்கணும். அந்த டீ ஆறுறதுக்குள்ள நடக்கிற வேலை இது.

இனிமேதான் இறக்கமே. குட்டிக்கானம் 1,000 மீட்டருக்கு மேல, முண்டக்கயம் 100 மீட்டருக்கும் கீழ. பத்துச் சக்கர வண்டிக்கு 2018-ல எடை வரம்பை 25 டன்ல இருந்து 28.5 டன்னா ஏத்துனாங்க. அந்த எடை 1,000 மீட்டர் இறங்கினா வர்ற சக்தி, கரண்ட் கணக்குல சுமார் 78 யூனிட். வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு இலவசமாத் தர்ற 100 யூனிட்ல முக்கால் பங்கு. சுமார் ஒரு மணி நேரத்துல அவ்வளவும் எங்கயாவது போயாகணும். கொஞ்சம் காத்துக்கும் டயருக்கும் போகும். மிச்சத்துல இன்ஜினுக்கு எவ்வளவு, டிரம்முக்கு எவ்வளவுன்னு பிரிச்சுக் கொடுக்கிறதுதான் டிரைவரோட வேலை. பேட்டா அதுக்குத்தான்.

"அதான் கியரை வண்டியே போடுதே"ன்னு வருவீங்க. வண்டி முன்னால இருக்கிற வளைவைப் பார்த்து கியர் போடுறது இல்லை. சில வண்டிகள்ல மேனுவலுக்கு மாத்தி கியரைப் பூட்டலைன்னா, டீசலை மிச்சம் பிடிக்கிற புத்தியில அது மேல் கியருக்குத் தாவும். இன்ஜின் பிடி விட்டுப்போகும். இறங்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலயே கீழ் கியர், கூடவே புகை போற வழியை அடைச்சு இன்ஜினாலயே வேகத்தைப் பிடிக்கிற எக்ஸாஸ்ட் பிரேக். பிரேக்கை மிதிச்சா அழுத்தமா மிதிச்சு, வேகம் குறைஞ்சதும் சுத்தமா விட்டுடணும். லேசாக் காலை வச்சுக்கிட்டே வந்தா டிரம்மை உரசிப் பிடிக்கிற லைனிங் கருகும், டிரம் சூட்டுல விரியும், பெடல் போகும், ஆனா பிடிக்காது. பயந்து படபடன்னு மிதிச்சா பிரேக்கை இயக்குற ஏர் இறங்கும். காத்தழுத்தம் 5 பார் பக்கம் வந்தா பஸ்ஸர் கத்தும். இன்னும் இறங்கினா, ஏர் குறைஞ்சா ஸ்பிரிங்காலயே பிடிக்கிற ஸ்பிரிங் பிரேக் தானாப் பூட்டி, மழையில நனைஞ்ச ரோட்டுல வண்டி வாலை வீசும். ஏபிஎஸ் இருக்கேம்பீங்க. ஏபிஎஸ் சக்கரம் பூட்டாமப் பார்த்துக்கும், டிரம்மை ஆற வைக்காது. டிரம்மை ஆற வைக்க நிறுத்தணும், அவ்வளவுதான். நிறுத்தினாலும் சக்கரத்துக்குக் கட்டை போட்டு நிறுத்தணும். சூடா இருக்கும்போது தண்ணி ஊத்தினா டிரம் கீறல் விடும்.

வண்டியில பட்டன் கூடினா வேலை குறையும்னு யார் சொன்னது? பட்டன் எப்போ பொய் சொல்லும்னு தெரிஞ்சுக்கிற வேலையும் சேர்ந்து வருது.

அமெரிக்காவுல 2025-ல டல்லாஸ்–ஹூஸ்டன் ரோட்டுல ஆளில்லாத லாரியே ஓடிடுச்சுன்னு ஒருத்தர் லிங்க் போட்டிருக்கார். ஓடுச்சு, நான் மறுக்கலை. சமவெளி, அகலமான நெடுஞ்சாலை. இங்க பெருவந்தானம் பக்கம் மூடுபனியில கேரளா பஸ் எதிர்ல வரும், உள்வளைவுல பின் சக்கரம் ஓடைக்குள்ள இறங்கும். சபரிமலை சீசன்ல வந்து பாருங்க.

"குடிச்சிட்டு ஓட்டுறாங்களே?" ஓட்டுறவன் இருக்கான். அவனை இறக்கி விடுங்க. அடுத்த கேள்வி.

ஓனர்களுக்கும் கஷ்டம் உண்டு, டீசல், டயர், ஃபாஸ்டேக் எல்லாம் தெரியும். ஆனா கையை வைக்கிறது என்னமோ பேட்டாவுலதான். லைனிங் மாத்தச் சொன்னா "அடுத்த டிரிப்புல பார்க்கலாம்". ஏர் டேங்க்ல எண்ணெயும் தண்ணியுமா வருதுன்னா "வடிச்சு விட்டு ஓட்டு". அப்புறம் வண்டி கவிழ்ந்தா செய்தியில ரெண்டே வரி: பிரேக் பிடிக்காமல் விபத்து, டிரைவர் மீது வழக்கு. லைனிங்கைத் தள்ளிப் போட்டவர் பேர் அந்த ரெண்டு வரியில எங்கயாவது வந்திருக்கா?

ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48ன்னு 1961-லயே சட்டம் போட்டாச்சு. லாரிக்காரங்ககிட்ட சொல்லிப் பாருங்க, உங்க ரீலைவிட அதுக்குத்தான் நல்லாச் சிரிப்பாங்க. புது லாரிக்கு கேபின் ஏசி கட்டாயம்னு 2025-ல வந்ததுக்கே "டிரைவருக்கு ஏசி ஒரு கேடா"ன்னு கேட்ட ஊர் இது. பொண்ணு கேட்டுப் போனா "லாரியா?"ன்னு முகத்தைத் திருப்புற ஊரும் இதேதான்.

எங்கோ இருக்கிற யாரோ சிரிச்சா விட்டுடலாம். அந்த ரீலுக்குக் கீழ சிரிப்பு பொம்மை போட்டதுல பாதிப் பேர் நம்ம கம்பம், கூடலூர் ஆளுங்க, சிலர் தோட்டக்காரங்க. உங்க பன்னீர் திராட்சைப் பெட்டி நசுங்காம கோட்டயம் போய்ச் சேர்ந்தது எந்தப் பட்டனாலன்னு கமெண்ட்ல வந்து சொல்லுங்க.