டிஸ்க் போட்டால் மட்டும் போதாது

பழைய செவ்ரோலே சி10 பிக்கப்பின் பிரேக், சஸ்பென்ஷனை மேம்படுத்துவது பற்றிய கட்டுரை ஒன்று படித்தேன்; முன் டிரம் பிரேக்கைக் கழற்றி டிஸ்க் பிரேக் மாட்டினால் பிரேக் வேலை முடிந்தது என்பதுபோல் அது சொல்கிறது. அது பாதி வேலைதான். பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை, டிரம்முக்கானதாகவே விட்டால், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குப் போதிய ஆயில் கிடைக்காது. போதாததற்கு, குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைத் தக்கவைக்க அதிலுள்ள ரெசிடுவல் வால்வு, பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் காலிப்பரின் பேடை டிஸ்க்கில் உரசவிடும். 1967க்கு முந்தைய வண்டியானால் இன்னும் மோசம்: ஒரே சர்க்யூட், ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு.

அப்புறம், பிக்கப் பெரும்பாலும் காலியாகத்தானே ஓடுகிறது? முன் டிஸ்க் போட்டுவிட்டுப் பின் டிரம்முக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்காவிட்டால், ஈரச்சாலையில் பின் சக்கரம் முதலில் லாக் ஆகி வால் சுழலும். அந்தப் பின் அழுத்தத்தைக் குறைக்க, திருகி அட்ஜஸ்ட் செய்யும் ப்ரொபோர்ஷனிங் வால்வு ஒன்று போடுவது நல்லது.

செலவைக் குறைக்க வழி உண்டு. 1971இல் கம்பெனியே முன் டிஸ்க் கொடுத்துவிட்டதால், 1971-72 வண்டியின் முன்பக்க பாகங்கள் 1967-70 வண்டிக்குப் பொருந்தும். ஆனால் சக்கரத்துக்கு முன்னால் 5 போல்ட், பின்னால் 6 போல்ட் ஆகிவிடும். ஒரே ஸ்டெப்னியை முன்னுக்கு வைப்பதா, பின்னுக்கு வைப்பதா?

சஸ்பென்ஷனில் கட்டுரை விட்டது, பின் ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடு. பின் காயில் ஸ்பிரிங்கைக் குட்டையாக்கி வண்டியின் உயரத்தை இறக்கினால், கம்பெனி ராடு குட்டை என்பதால் ஆக்ஸிலை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். நீளமான, அட்ஜஸ்ட் செய்யும் ராடு போட்டால் சரியாகும். ஷாக் அப்சார்பரும் குட்டையானதாக வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் அடிவாங்கும்.