என் வீட்டு வாசலில் என்னையே யார் என்று கேட்கிறான்

போன ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் விடும் நாள். திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கம் எங்களுக்கு நாலு லைன் வீடு இருக்கிறது. தொட்டி நிரம்புகிறதா என்று பார்க்கப் போனவள், மூன்றாவது வீட்டில் மிஷின் ஓடும் சத்தம் கேட்டுக் கதவைத் தட்டினேன். லுங்கியோடு ஒருவன் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, யாரு வேணும்?" என்கிறான். என்னைப் பார்த்து!

உள்ளே ஓவர்லாக் ஒன்று, பேட்லாக் ஒன்று என்று இரண்டு தையல் மிஷின், சுவரோரம் கட்டுக்கட்டாகத் துணிப் பீஸ், தரையெல்லாம் பிசிறு. சமையல் மேடையில் நூல்கோனை அடுக்கி வைத்திருக்கிறான். நான் வாடகைக்கு விட்டது புருஷன், பெண்டாட்டி, கைக்குழந்தை என்று மூன்று பேருக்கு. அவர்கள் தை மாசமே சாமானை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். பக்கத்து வீட்டம்மாவைக் கேட்டால், "உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சோமுங்க" என்கிறார். வாடகை மட்டும் ஐந்தாம் தேதியானால் டாண் என்று ஜிபேயில் வந்துவிடும், நானும் தங்கமான பையன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தத் தங்கம் எனக்கு 5,000 அனுப்பிவிட்டு இவனிடம் 7,500 வாங்கியிருக்கிறது. அட்வான்ஸ் 30,000 தனி. கடன் வாங்கிக் கட்டியது நாங்கள், உட்கார்ந்த இடத்தில் சம்பாதிப்பது அவனா? போன் போட்டேன். "சொந்தக்காரருதானுங்க்கா, கொஞ்ச நாளைக்கு." என்ன முறை என்று கேட்டேன், லைன் கட்.

எனக்கு வாடகையை விட மீட்டர்தான் பயம். வீட்டு இணைப்பில் தொழில் நடத்துவதைக் கண்டுபிடித்தால், மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் கணக்குப் போட்டு இரண்டு மடங்கு கட்டணம் தீட்டுவார்கள். மீட்டர் என் வீட்டுக்காரர் பேரில். ஓட்டுவது அவன், கட்டுவது நாங்கள்.

சொந்தபந்தம் முழுக்க யோசனை சொல்கிறது: பியூஸைப் பிடுங்கு, தண்ணீரை நிறுத்து, பூட்டுப் போடு. வக்கீலோ அதில் எதையும் தொடாதீர்கள் என்கிறார். 2019-ல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுத்து மூலம் வீட்டு ஓனர் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக் கூடாது, சரி. அதே சட்டத்தில் வீட்டு ஓனர் கரண்ட்டையும் தண்ணீரையும் நிறுத்தக் கூடாது என்றும் இருக்கிறது. ஸ்டேஷனுக்குப் போனால், "சிவில் மேட்டருங்கம்மா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

அப்புறம் வக்கீல் அக்ரிமெண்டைக் கேட்டார். என்னத்தைக் காட்ட? பதினோரு மாசத்துக்கு என்று பத்திரத்தில் எழுதியது, முடிந்து இரண்டு வருஷம் ஆச்சு, புதுப்பிக்கவும் இல்லை, வாடகை ஆணையத்தில் பதியவும் இல்லை. நல்ல பையனாயிற்றே, எதற்குச் செலவு என்று விட்டது நான்தான். அந்தச் சில ஆயிரத்தைப் பார்த்ததற்கு இப்போது வக்கீல் பீஸ் கட்டுகிறேன்.

இந்த மிஷின்காரனைத் திட்டவும் முழுசாக வாய் வரவில்லை. அவனும் 30,000-ஐத் தொலைத்தவன்தான். ஆனால் அந்தப் பணத்தை நான் கொடுத்தால் மறுநாளே காலி செய்கிறேன் என்கிறானே, அதைக் கேட்டதும்தான் தலைக்கு ஏறியது. நான் வாங்காத அட்வான்ஸை நான் எதற்குத் திருப்பித் தர வேண்டும்?

நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு அவனே போன் செய்தான். காலி செய்கிற சேதியாக இருக்கும் என்று ஆசையாக எடுத்தேன். "அக்கா, பாத்ரூம் கொழாய் ஒழுகுதுங்க, பிளம்பரைக் கொஞ்சம் அனுப்பி விடறீங்களா?"