அந்த லெட்டர்ல என்ன இருக்குன்னு நமக்கு எதுக்கு?

டச்சு ஓவியர் வெர்மீர் வரைஞ்ச ஒரு படம் ஜெர்மனியில டிரெஸ்டன் மியூசியத்துல இருக்கு. திறந்த ஜன்னல் பக்கத்துல நின்னு ஒரு பொண்ணு லெட்டர் படிக்கிறா, 1657-59 வாக்குல வரைஞ்சது. ரொம்ப வருஷமா என் போன்ல வால்பேப்பர் அதுதான். தாளை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சிருப்பா, ஜன்னல் கண்ணாடியில அவ முகம் மங்கலா தெரியும், பின்னாடி வெறும் சுவர். அந்தச் சுவர் எனக்கு அவ்ளோ பிடிக்கும்.

ஆனா அது வெர்மீர் விட்ட வெறும் சுவரே இல்ல. 1979-ல எக்ஸ்ரே எடுத்தப்பவே அடியில ஒரு பெரிய க்யூபிட், நம்ம மன்மதன் மாதிரி, மறைஞ்சிருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. வெர்மீரே மனசு மாறி அழிச்சிட்டார்னுதான் நினைச்சிட்டிருந்தாங்க. 2017-ல சுத்தம் பண்ண ஆரம்பிச்சு சோதிச்சுப் பார்த்தா, அவர் பெயின்ட்டுக்கு மேல வார்னிஷ், அதுக்கு மேல படிஞ்ச அழுக்கு, அதுக்கும் மேலதான் இந்தச் சுவர்ப் பூச்சு. அப்போ 1675-ல அவர் செத்து பல வருஷம் கழிச்சு வேற யாரோ மூடியிருக்காங்க. மைக்ராஸ்கோப்ல பார்த்துப் பார்த்து சின்னக் கத்தியால சுரண்டி எடுத்து, 2021-ல மன்மதனோட காட்சிக்கு வெச்சாங்க.

பண்ணினது சரிதான், ஓவியர் வரைஞ்சது வெளிய வரணும். எனக்கு ஆத்தாமை எங்கன்னா, உடனே "அப்போ லவ் லெட்டர்தான்"னு விஷயத்தை முடிச்சிடறாங்க பாருங்க அங்கதான். கிறிஸ்தவத் துறவி புனித ஜெரோம் புத்தகமும் கையுமா உக்காந்திருக்கிற படம் ஐரோப்பாவுல எத்தனையோ இருக்கு, அவரைப் பார்த்தா அறிஞர்னு சொல்லிட்டுப் போயிடறோம். ஒரு பொண்ணு கையில தாள் இருந்தா மட்டும் யார் எழுதினது, எதுக்கு எழுதினதுன்னு துருவணும். எங்க வீட்லயும் நான் போனைப் பார்த்து லேசா சிரிச்சா போதும், "யாரு?"ன்னு ஹால்ல இருந்து குரல் வரும்.

ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்துல வெர்மீரோட இன்னொரு படம், நீலச் சட்டை போட்ட பொண்ணு. வாய் லேசா திறந்திருக்கும், மனசுக்குள்ள வார்த்தை ஓடுதுன்னு பார்த்தாலே தெரியும். சுவர்ல மன்மதன் இல்ல, மேப்தான். அவளையாவது விட்டாங்களான்னா இல்ல, கர்ப்பமா இருக்காளா இல்ல அந்தக் காலத்துச் சட்டையே அப்படியான்னு விவாதம். வான்கோவே 1888-ல ஒரு கடிதத்துல அவளைக் கர்ப்பிணின்னுதான் எழுதியிருக்கார். லெட்டரைப் படிக்கிற அந்த முகத்தைப் பத்தி எவ்ளோ பேசலாம், வயித்தைப் பார்த்துட்டு நிக்கிறோமே.

இதுல எனக்கு மனசு நிறைஞ்ச விஷயம், பிரெஞ்சு ஓவியர் ஃபிரகோனார்ட் வரைஞ்ச, புத்தகம் படிக்கிற பொண்ணு படம்தான். மஞ்ச கவுன், முதுகுக்கு பெரிய தலைகாணி, ஒரே கையில புத்தகம், 1769 வாக்குல வரைஞ்சது, இப்போ வாஷிங்டன்ல இருக்கு. அதையும் எக்ஸ்ரே எடுத்தாங்க. முதல்ல அவர் வரைஞ்ச தலை நம்மளை நேராப் பார்த்துட்டு இருந்திருக்கு, அப்புறம் அவரே அதுக்கு மேல பூசி புத்தகத்துப் பக்கம் திருப்பி வரைஞ்சிருக்கார். நம்மளைப் பார்த்த அந்த முகம் இன்னும் அடியிலதான் இருக்கு, ஆனா இந்தப் பூச்சு ஓவியரே பூசினது, இதை மட்டும் யாரும் சுரண்டிடக் கூடாது, அவ படிக்கட்டும்.