தனிமை தாங்காமல் தேவன் உலகத்தை உண்டாக்கினாரா?

எங்கள் குமரி மாவட்டத்தில் கன்வென்ஷன் எனப்படும் கிறிஸ்தவ நற்செய்திக் கூட்டங்களின் சீசன் தொடங்கிவிட்டால் இரணியலோ மார்த்தாண்டமோ, எந்த மைதானத்தில் ஸ்பீக்கர் கட்டினாலும் இந்தப் பிரசங்கம் ஒரு நாளாவது காதில் விழுந்துவிடும். ஆதியில் தேவன் தனியாக இருந்தாராம், துதிக்க ஆள் இல்லையாம், அதனால் மனுஷனைப் படைத்தாராம். கூட்டமும் கைதட்டி ஆமென் சொல்கிறது. எனக்கு இது செரிக்கவே இல்லை, ஏனென்றால் வேதத்தில் அப்படி எங்கேயும் இல்லை.

யோவான் 17-ஐ எடுத்துப் பாருங்கள். உலகத்தோற்றத்துக்கு முன்னமே பிதா தம்மிடம் அன்பாயிருந்ததாக இயேசு ஜெபத்தில் சொல்கிறார். ஆக, படைப்புக்கு முன்பே அங்கே அன்பு இருந்தது, உறவு இருந்தது, தனிமைக்கு இடமே இல்லை. ஏதென்ஸில் பவுல் பேசும்போது (அப்போஸ்தலர் 17) தேவனுக்கு எதுவும் தேவைப்படுவதுபோல மனுஷர் கையால் அவர் பணிவிடை கொள்வதில்லை, எல்லாருக்கும் ஜீவனும் சுவாசமும் கொடுப்பவரே அவர்தான் என்கிறார். எனக்கு ரொம்பப் பிடித்தது 50-ஆம் சங்கீதம்: "நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன்." என்ன ஒரு பதில்! காணிக்கை போட்டுவிட்டு தேவனுக்கே ஏதோ உதவி செய்ததுபோல நிமிர்ந்து நடக்கும் நம்மைப் பார்த்துச் சொன்ன மாதிரியே இருக்கிறது.

சரி, தேவையில்லாமல் ஏன் படைத்தார்? அவருடைய சித்தத்தினால் எல்லாம் உண்டானது என்கிறது வெளிப்படுத்தல் 4:11. சகலமும் கிறிஸ்துவைக்கொண்டும் கிறிஸ்துவுக்கென்றும் சிருஷ்டிக்கப்பட்டது என்கிறது கொலோசெயர் 1:16. தம்முடைய மகிமைக்கென்று படைத்ததாக ஏசாயா 43:7 சொல்கிறது. மகிமை என்றதும் நமக்கு ஜங்ஷனில் தலைவர்கள் தங்களுக்கே வைத்துக்கொள்ளும் ஃப்ளெக்ஸ் போர்டுதான் ஞாபகம் வருகிறது, கோளாறு அங்கேதான். இல்லாததைத் தேடிப் படைத்தவர் அல்ல அவர், இருப்பது நிறைந்து வழிந்ததால் படைத்தவர். 1870-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் முதலாம் வத்திக்கான் சங்கம் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: தம் பேரின்பத்தைக் கூட்டிக்கொள்ள அல்ல, தம் நன்மையைப் படைப்புகளுக்குக் கொடுத்து வெளிப்படுத்தவே கடவுள் படைத்தார். அதற்கு இருநூறு வருஷத்துக்கும் முன்னால் சீர்திருத்த சபையினர் எழுதிய வெஸ்ட்மின்ஸ்டர் வினாவிடையோ, தேவனை மகிமைப்படுத்துவதும் என்றென்றும் அவரில் மகிழ்ந்திருப்பதும்தான் மனுஷனுடைய பிரதான நோக்கம் என்று தொடங்குகிறது. கோட்டாறு சவேரியார் கோவிலுக்குப் போகிற கத்தோலிக்கரும் நாகர்கோவில் ஹோம் சர்ச்சுக்குப் போகிற சீர்திருத்த சபையாரும் சண்டை போடாமல் ஒத்துப்போகிற இடம் இது.

அப்புறம் நாம் வசதியாக விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் மனுஷன் வருவதற்கு முன்பே ஆறு தடவை "நல்லது என்று கண்டார்" வந்துவிடுகிறது. வெளிச்சம், நிலம், பூண்டு, மீன், பறவை எல்லாம் நம்மைக் கேட்காமலே நல்லதாக இருந்தன. யோபு 38-இல் மனுஷர் குடியில்லாத வனாந்தரத்திலும் மழை பெய்யப்பண்ணுகிறவர் யார் என்று கர்த்தர் கேட்கிறார். அங்கே விவசாயி இல்லை, அணை இல்லை, யாருக்கும் பிரயோஜனம் இல்லை, ஆனாலும் மழை பெய்கிறது. அடுத்த அதிகாரத்தில் வரையாடு ஈனுங்காலம் உனக்குத் தெரியுமா என்று கேள்வி வருகிறது. தமிழ் வேதத்தில் வருவது நம் மாநில விலங்கின் பெயரேதான், சண்டே ஸ்கூலில் இதை ஏன் யாரும் சொல்லித்தருவதில்லை என்று தெரியவில்லை. 104-ஆம் சங்கீதத்தில் லிவியாதான் என்ற பெரிய கடல் மிருகத்தைக் கடலில் விளையாடும்படி உண்டாக்கினதாக எழுதியிருக்கிறது. விளையாட! குளச்சலில் வலை இழுக்கிறவருக்குக் கடல் பிழைப்பு, லிவியாதானுக்கோ அதே கடல் விளையாட்டு மைதானம்.

இங்கே ஒருவர் கேட்பார், கேட்கவும் வேண்டும்: 2004 டிசம்பர் 26-இல் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் புகுந்ததும் இதே கடல்தானே, 2017-இல் ஒக்கி புயலில் தூத்தூர் பக்கத்து வீடுகளுக்குத் திரும்பிவராதவர்களைக் கொண்டுபோனதும் இதே கடல்தானே, இதுவா நல்லது? இதற்குச் சுடச்சுடப் பதில் வைத்திருக்கும் பிரசங்கியார்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. சுனாமி முடிந்த கையோடு பாவம், தண்டனை என்று பேசினவர்கள்மேல் இன்றுவரை கோபம்தான். பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபுவுக்கே காரணம் சொல்லப்படவில்லை. காரணம் சொல்ல வந்த மூன்று சிநேகிதர்மேல்தான் கர்த்தருக்குக் கோபம் மூண்டது. சிருஷ்டி முழுவதும் ஏகமாய்த் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது என்று ரோமர் 8 சொல்கிறது. அதற்குமேல் அளக்க எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் நம் மாவட்டத்தில் கண்ணெதிரே நடப்பதற்கு யோபு புஸ்தகம் எல்லாம் வேண்டாம். களியக்காவிளை ரோட்டில் அரைமணி நேரம் நின்றால் போதும், உடைத்த மலை லாரி லாரியாகப் போவதைப் பார்க்கலாம். கேட்டால் "ஆண்டுகொள்ளுங்கள்னு வசனம் இருக்கே" என்பார்கள். இருக்கிறது, ஒரு பக்கம் தள்ளி ஆதியாகமம் 2:15-இல் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனுஷனை வைத்தார் என்றும் இருக்கிறது. "எப்படியும் எல்லாம் எரியத்தானே போகுது" என்று 2 பேதுருவை நீட்டுகிறவர்கள் வெளிப்படுத்தல் 11:18-ஐயும் வாசிக்கட்டும், பூமியைக் கெடுத்தவர்களைக் கெடுக்கும் காலம் வருகிறதாம்.

விளைச்சலுக்கு நன்றி சொல்லிச் சபைகளில் நடத்தும் அறுப்பின் பண்டிகை ஏலத்தைக் கவனித்திருக்கிறீர்களா? மட்டி வாழைக்குலை, சக்கை (பலாப்பழம்), மரச்சீனிக் கிழங்கு, காலைக் கட்டிப் போட்ட சேவல் என்று கோவில் முற்றமே சந்தையாகிவிடும். ஒரு பாட்டி கொண்டுவந்த நாலு நாட்டுக்கோழி முட்டை கடை விலையைப்போல பல மடங்குக்குப் போகும், எடுத்தவரே அதைத் திரும்ப ஏலத்துக்கு விடுவார், எல்லாரும் சிரிப்பார்கள். யாருக்கும் அந்த முட்டை தேவையே இல்லை. கன்வென்ஷன் மேடையைவிட அந்த முற்றத்தில்தான் ஆதியாகமம் எனக்கு நன்றாகப் புரிகிறது.

ஒரே வருத்தம், ஏலத்தில் விழுந்த பணம் பல ஊர்களில் நேரே கட்டட நிதிக்குப் போகிறது. உறுதியாக நிற்கிற கோவிலை இடித்துப் பெரிதாகக் கட்ட ஜல்லியும், பாறையை அரைத்துச் செய்யும் எம்சாண்டும் வந்து இறங்குகின்றன. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அது எந்த மலையிலிருந்து வருகிறது என்று யாராவது எழுந்து கேளுங்கள். எங்கள் சபையில் நான் கேட்கத்தான் போகிறேன்.