விரட்டியது மாமனார், ஆண்டது மருமகன்
1014-இல் டப்ளின் அருகே நடந்த குளோன்டார்ஃப் போரில் அயர்லாந்தின் பேரரசர் பிரையன் போரு, ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த கடலோடிப் போர்வீரர்களான வைக்கிங்குகளை அயர்லாந்தை விட்டே துரத்தினார் என்கிறது ஒரு கட்டுரை. அப்படியா? எதிரணியிலும் அயர்லாந்துக்காரர்கள் இருந்தார்களே! அயர்லாந்தின் கிழக்குப் பகுதியான லென்ஸ்டரின் அரசன் மெய்ல் மோர்தா, டப்ளின் வைக்கிங்குகளோடு கைகோத்துத்தான் வந்தான். டப்ளின் அரசன் சிட்ரிக் வேறு யாருமில்லை, பிரையனின் மகளைக் கட்டியவன். அவன் களத்தில் இறங்காமல் கோட்டை மதிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான் என்றுதான் பழைய கதைகள் சொல்கின்றன. அன்று பெரிய வெள்ளி. பிரையன் பக்கம்தான் ஜெயித்தது, ஆனால் கிழவர் பிரையனும் செத்தார், மகன் முர்ஹாவும் செத்தான். மருமகன்? 1036 வரை டப்ளின் அரியணையில்! நிஜமாகவே துரத்தியது என்றால் 902-ஐச் சொல்லலாம், அயர்லாந்துக்காரர்கள் வைக்கிங்குகளை டப்ளினையே காலி செய்யவைத்தார்கள். அதுவும் 15 வருஷம்தான். 917-இல் திரும்பி வந்துவிட்டார்கள்.